கறிக்கோழியின் குடலில் ஒரு பலப்பரீட்சை

தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்கும் பழக்கத்துக்கு மாற்றாக வந்திருக்கிறது பிரீபயாடிக். பலன் உண்டு; ஆனால் எல்லாக் கொட்டகையிலும் அல்ல.

முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போது எடை சுமார் 40 கிராம். ஆறாவது வாரம் முடியும்போது 2 கிலோவைத் தாண்டியிருக்கும். பிறந்த எடையைப் போல் 50 மடங்கு. மனிதக் குழந்தை இந்த வேகத்தில் வளர்ந்தால் ஒன்றரை மாதத்தில் 150 கிலோ இருக்கும். இந்தியாவின் கறிக்கடைகளில் தினமும் தராசில் ஏறும் பிராய்லர் கோழியின் கதை இது. பல தலைமுறைகளாகப் பொறுக்கி எடுத்து உருவாக்கிய இனம் என்பது இந்த வளர்ச்சிக்கு ஒரு காரணம். தீவனம் இன்னொரு காரணம். மக்காச்சோளத்தையும் சோயாப் பிண்ணாக்கையும் சதையாக மாற்றும் வேலையைச் செய்வது கோழியின் குடல்.

அந்தக் குடல்தான் இன்று ஒரு பலப்பரீட்சைக் களம். ஒரு பக்கம், அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தீவனத்தில் சிறிய அளவில் கலக்கப்பட்டு வந்த ஆன்டிபயாட்டிக் மருந்துகள். மறுபக்கம், ஈஸ்ட், சிக்கரிக் கிழங்கு, கரும்புச் சர்க்கரை, தவிடு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும், கோழியால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரைகள். விஞ்ஞானிகள் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் பிரீபயாடிக். கோழிக்கு உணவாகாத இந்தப் பொருளுக்குக் கோழித் தீவனத்தில் என்ன வேலை என்ற கேள்வி எழலாம். இது உணவாவது கோழிக்கு அல்ல, கோழியின் வயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு.

இது பண்ணைக்காரர்களும் கால்நடை மருத்துவர்களும் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல. மத்திய அரசின் கால்நடைப் புள்ளிவிவரப்படி 2022-23-ல் நாட்டின் மொத்த இறைச்சி உற்பத்தி சுமார் 97.7 லட்சம் டன். அதில் பாதிக்கு மேல் கோழிக்கறி. அந்தக் கோழிகளுக்குப் போடும் மருந்து எதுவானாலும் அதன் விளைவு ஒரு நாள் மருத்துவமனை வார்டுவரை வந்து சேரும்.

தற்செயலாகப் பிறந்த பழக்கம்

கோழிக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் உறவு ஏற்பட்டது ஏறக்குறைய தற்செயலாகத்தான். 1946-ல் அமெரிக்காவில் கோழிக்குஞ்சுகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், அவை கூடுதலாக வளர்வதைக் கவனித்தார்கள். அப்போது அது பெரிதாகப் பேசப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து லெடர்லே ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் மலிவான வைட்டமின் பி12 கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் தயாரித்தபின் எஞ்சிய கழிவைக் குஞ்சுகளுக்குப் போட்டார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக எடை கூடின. அதற்கு வைட்டமின் மட்டும் காரணம் அல்ல, கழிவில் ஒட்டியிருந்த ஆன்டிபயாட்டிக்கும் காரணம் என்பது பிறகு தெரிந்தது.

அங்கிருந்து அது உலகம் முழுவதும் பரவியது. நோயைக் குணப்படுத்த அல்ல, வளர்ச்சியைக் கூட்ட. ஒரு டன் தீவனத்துக்குச் சில கிராம்கள் போதும். கோழி நோயாளி அல்ல. ஆனாலும் தினமும் மருந்து சாப்பிட்டது. இந்தியாவில் 1970களிலிருந்து கோழி வளர்ப்பு வீட்டுக் கொல்லையை விட்டுக் கொட்டகைக்கு மாறியபோது இந்தப் பழக்கமும் கூடவே வந்தது. பாசிட்ராசின், டைலோசின், வர்ஜினியாமைசின், குளோர்டெட்ராசைக்ளின், கொலிஸ்டின் ஆகியவை தீவன ஆலைகளின் வழக்கமான சரக்காயின.

ஆபத்து எங்கே இருக்கிறது? மருந்தின் அளவு சிறியது என்பதில்தான். பாக்டீரியா முழுவதையும் கொல்லப் போதாத அளவில் மருந்து தொடர்ந்து உள்ளே போகும்போது, அதைத் தாங்கத் தெரிந்தவை பிழைத்துப் பெருகுகின்றன. தாங்கும் வித்தையைச் சொல்லித்தரும் மரபணுவை அவை மற்ற பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றுகின்றன. கோழி எருவோடு அவை வயலுக்குப் போகின்றன, கறி வெட்டும் கைகளில் ஒட்டுகின்றன, தண்ணீரில் கலக்கின்றன.

இந்தியாவில் இதற்கான தடயங்கள் கிடைக்காமல் இல்லை. 2014-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தது. 40 சதவீத மாதிரிகளில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. 2017-ல் வெளியான இன்னோர் ஆய்வு பஞ்சாபில் 18 பண்ணைகளில் நடந்தது. கறிக்கோழிப் பண்ணைகளில் கிடைத்த ஈ.கோலை பாக்டீரியாக்களில் 87 சதவீதம், பல முக்கிய ஆன்டிபயாட்டிக்குகளைச் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சுரப்பவையாக இருந்தன. முட்டைக்கோழிப் பண்ணைகளில் இது 42 சதவீதம்.

இந்த இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவே, 2015-ல், சீனாவிலிருந்து ஓர் அதிர்ச்சிச் செய்தி வந்தது. வேறெந்த மருந்தும் கேட்காத நோயாளிகளுக்குக் கடைசி அஸ்திரமாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒன்று பன்றிகளிலும் கறியிலும் மனிதர்களிடமும் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு அது. அதே கொலிஸ்டின் இந்தியக் கோழித் தீவனத்தில் தாராளமாகப் புழங்கிக்கொண்டிருந்தது. 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினைப் பயன்படுத்த மத்தியச் சுகாதார அமைச்சகம் தடை விதித்தது.

ஐரோப்பா முன்பே விழித்துக்கொண்டது. ஸ்வீடன் 1986-லேயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை நிறுத்தியது. எஞ்சியிருந்த வளர்ச்சி ஊக்கி ஆன்டிபயாட்டிக்குகளை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சிக்காகப் பயன்படுத்துவதை அமெரிக்கா 2017-ல் முடிவுக்குக் கொண்டுவந்தது. மருந்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி அப்போதுதான் சூடுபிடித்தது.

தாயில்லாக் குஞ்சு

பதிலைத் தேடுபவர்கள் ஒரு நாட்டுக்கோழியைக் கவனித்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். அடைகாத்துப் பொரித்த குஞ்சு, வெளியே வந்த நாளிலிருந்து தாயின் காலடியில் கொத்துகிறது. தாய் கிளறிய மண், தாயின் எச்சம், தாயின் இறகு எல்லாவற்றிலிருந்தும் நல்ல பாக்டீரியாக்கள் அதன் வயிற்றுக்குள் போய்க் குடியேறுகின்றன. ஆனால் பிராய்லர் குஞ்சு தாயைப் பார்த்ததே கிடையாது. இயந்திரத்தில் பொரிந்து, அட்டைப் பெட்டியில் அடைபட்டு, லாரியில் பயணம் செய்து, உமி பரப்பிய கொட்டகையில் இறக்கப்படுகிறது. ஏறக்குறைய காலியான குடலோடு அது வருகிறது. முதலில் வந்து இடம் பிடிப்பவன் யார் என்பதுதான் கேள்வி.

இதை அறிவியல் கண்ணோடு பார்த்தவர் பின்லாந்தின் எஸ்கோ நூர்மி. 1971-ல் அந்நாட்டின் கறிக்கோழிகளில் சால்மோனெல்லா தொற்று பரவியது. வளர்ந்த கோழியின் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களை எடுத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் அவற்றின் வயிற்றில் சால்மோனெல்லாவால் காலூன்ற முடியவில்லை என்பதை நூர்மியும் ரன்டாலாவும் 1973-ல் எடுத்துக்காட்டினார்கள். எல்லா நாற்காலிகளிலும் ஆள் உட்கார்ந்துவிட்ட கூடத்தில் புதிதாக வந்தவனுக்கு இடம் கிடைக்காது. தத்துவம் அவ்வளவுதான்.

நல்ல பாக்டீரியாவையே உயிரோடு கொடுப்பது ஒரு வழி. அது புரோபயாடிக். ஆனால் தீவனத்தைக் குருணையாக்கும்போது ஏறும் சூட்டில் அவற்றில் பல செத்துப்போகின்றன. இன்னொரு வழி, ஏற்கனவே உள்ளே இருக்கும் நல்லவற்றுக்கு மட்டும் பிடித்த தீனியை அனுப்பிவைப்பது. 1995-ல் பிரிட்டனின் கிளென் கிப்சனும் பெல்ஜியத்தின் மார்செல் ராபர்ஃப்ராய்டும் இதற்கு பிரீபயாடிக் என்று பெயர் சூட்டினார்கள். செரிமானத்தில் கரையாமல் குடலின் கடைசிப் பகுதிவரை போய்ச்சேர வேண்டும். அங்கே நன்மை செய்யும் சில பாக்டீரியாக்களை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்க்க வேண்டும். அதனால் உண்பவரின் உடல்நலம் கூட வேண்டும். இதுதான் அவர்கள் வகுத்த இலக்கணம். அவர்கள் மனதில் இருந்தது மனிதக் குடல். கோழித் தொழில் அந்தக் கருத்தை உடனே எடுத்துக்கொண்டது.

பையில் நடக்கும் நொதிப்பு

கோழியின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இரண்டு குருட்டுப் பைகள் இருக்கின்றன. சீக்கா என்பது அவற்றின் பெயர். கோழியின் உடலில் பாக்டீரியாக்கள் மிக அடர்த்தியாக வாழும் இடம் இதுதான். சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வரும் ஃப்ரக்டோ ஒலிகோ சாக்கரைடு, இனுலின், சைலோ ஒலிகோ சாக்கரைடு போன்ற சர்க்கரைச் சங்கிலிகள் இங்கே வந்து நொதிக்கின்றன. பிஃபிடோபாக்டீரியா, லாக்டோபேசில்லஸ் ஆகியவற்றுக்கு இவை விருந்து. அவை லாக்டிக் அமிலத்தையும் அசெட்டிக் அமிலத்தையும் வெளியிடுகின்றன. அந்த அமிலங்களில் ஒரு பகுதியை வேறு சில பாக்டீரியாக்கள் எடுத்துக்கொண்டு பியூட்டிரிக் அமிலம் தயாரிக்கின்றன.

இந்தச் சங்கிலியின் பலன் இரண்டு வகைப்படும். ஒன்று, அமிலம் கூடிய சூழலில் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்றவை பெருகுவது கடினமாகிறது. இரண்டாவது, பியூட்டிரிக் அமிலம் குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்கு எரிபொருள். அந்தச் சுவரில் விரல்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் எவ்வளவு உயரமாக இருக்கின்றனவோ, சத்தை உறிஞ்சும் பரப்பு அவ்வளவு கூடும். நோய்க்கிருமிகளின் தொல்லை குறைந்தால் சுவரைப் பழுதுபார்க்கச் செலவாகும் சத்தும் மிச்சமாகிறது. அது சதையாகிறது.

பிராய்லர் தீவனத்தில் அதிகம் புழங்கும் இன்னொரு பொருளின் வேலை முற்றிலும் வேறு. ஈஸ்ட் செல்லின் வெளிச்சுவரிலிருந்து எடுக்கப்படும் மன்னன் ஒலிகோ சாக்கரைடு அது. தொழில் வட்டாரத்தில் எம்.ஓ.எஸ். சால்மோனெல்லாவும் ஈ.கோலையும் குடல் சுவரைப் பிடித்துக்கொள்ள நுண்ணிய ரோமங்களை வைத்திருக்கின்றன. அந்த ரோமங்களில் பலவும் தேடுவது குடல் சுவரில் இருக்கும் மன்னோஸ் என்ற சர்க்கரையை. தீவனத்திலேயே மன்னோஸ் மிதந்து வந்தால் கிருமி ஏமாந்து அதைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியேறிவிடுகிறது. தூண்டிலில் வைத்த புழுவைப் போல. 1989-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் குடிநீரில் மன்னோஸ் கலந்து கொடுத்தபோது குஞ்சுகளின் குடலில் சால்மோனெல்லா குடியேறுவது குறைந்தது. விலை கூடிய சுத்த மன்னோஸுக்குப் பதிலாக ஈஸ்ட் சுவரைப் பயன்படுத்தும் எண்ணம் அதன் பிறகு வலுப்பெற்றது. அந்தச் சுவரில் இருக்கும் பீட்டா குளூக்கான் என்ற இன்னொரு பொருள், கோழியின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன.

எம்.ஓ.எஸ். பாக்டீரியாவுக்குத் தீனி போடுவதைவிடப் பொறி வைப்பதையே அதிகம் செய்கிறது. எனவே அதை பிரீபயாடிக் என்று சொல்லலாமா என்று கேட்கும் விஞ்ஞானிகள் உண்டு. தீவன வியாபாரத்துக்கு அந்த இலக்கணச் சண்டையில் அக்கறை இல்லை. எல்லாம் ஒரே பெயரில் விற்பனையாகின்றன.

கணக்கு என்ன சொல்கிறது?

பிரீபயாடிக் சோதனைகள் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அச்சில் நடக்கின்றன. ஒரே நாளில் பொரிந்த குஞ்சுகளைப் பல தடுப்புகளில் பிரித்துவிடுவார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் தீவனம். ஒன்றுக்கு ஆன்டிபயாட்டிக் கலந்தது. மற்றவற்றுக்கு பிரீபயாடிக் கலந்தது. வாராவாரம் எடை பார்ப்பார்கள். சில கோழிகளை அறுத்து, குடலுறிஞ்சியின் உயரத்தை நுண்ணோக்கியில் அளப்பார்கள். உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கு அருகே 1979-ல் தொடங்கப்பட்ட மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்திலும் நாட்டின் பல கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய சோதனைகள் நடந்திருக்கின்றன.

முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. 1993 முதல் 2003 வரை நடந்த எம்.ஓ.எஸ். சோதனைகளைத் திரட்டி 2004-ல் வெளியான ஆய்வு ஒன்று சராசரி நிலவரத்தைச் சொல்கிறது. எதுவும் கலக்காத தீவனத்தோடு ஒப்பிடும்போது எடை சுமார் 1.6 சதவீதம் கூடியது. ஒரு கிலோ எடைக்குத் தேவைப்படும் தீவனம் சுமார் 2 சதவீதம் குறைந்தது. இறப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆன்டிபயாட்டிக்கோடு ஒப்பிட்டபோது எடையிலும் தீவனச் செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சோதனைக்குச் சோதனை பலன் ஏறி இறங்கியது என்பதையும் சேர்த்தே இந்தச் சராசரியைப் படிக்க வேண்டும்.

ஒன்றரை சதவீதம், இரண்டு சதவீதம் என்றால் சாதாரண ஆளுக்கு அற்பமாகப் படும். பண்ணையாளருக்கு அப்படி இல்லை. கோழி வளர்ப்பில் மொத்தச் செலவில் சுமார் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது. எஃப்.சி.ஆர். என்று பண்ணைகளில் சொல்லப்படும் தீவன மாற்று விகிதம்தான் லாபத்தையும் நஷ்டத்தையும் தீர்மானிக்கிறது.

10,000 கோழிகள் கொண்ட கொட்டகையை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 2 கிலோ எடை, எஃப்.சி.ஆர். 1.6. அப்படியானால் ஒரு கோழி தின்பது 3.2 கிலோ, கொட்டகை முழுவதும் 32 டன். இதில் 2 சதவீதம் மிச்சமானால் 640 கிலோ தீவனம் கையில் நிற்கும். ஒரு டன்னுக்கு 1 கிலோ வீதம் எம்.ஓ.எஸ். கலந்தால் தேவைப்படுவது 32 கிலோ. ஆக, ஒரு கிலோ எம்.ஓ.எஸ். விலை, ஒரு கிலோ தீவன விலையைப் போல் 20 மடங்குக்குள் இருந்தால் கணக்கு கட்டுப்படியாகும். அதுவே மிச்சம் அரை சதவீதமாகச் சுருங்கினால் 160 கிலோதான் தேறும். அப்போது 5 மடங்குக்கு மேல் கொடுத்தால் நஷ்டம். இறப்புக் குறைவதால் வரும் லாபம் தனி. ஆனால் பலன் எந்தப் பக்கம் விழும் என்பதை மூட்டையின் மேல் இருக்கும் விளம்பரத்தால் சொல்ல முடியாது. அது கொட்டகையைப் பொறுத்தது.

சுத்தமும் அழுக்கும்

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நன்றாகக் கழுவிச் சுண்ணாம்படித்து, புதிய உமி பரப்பி, குறைந்த நெருக்கத்தில் வளர்க்கப்படும் கோழிகளிடம் பிரீபயாடிக் பெரிய வித்தியாசம் எதையும் காட்டுவதில்லை. தடுப்பதற்கு அங்கே எதிரி குறைவு. ஆராய்ச்சி நிலையத்தின் சுத்தமான தடுப்புகளில் பலன் தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணம். கூளம் ஈரமாகி அமோனியா கண்ணைக் கரிக்கும் கொட்டகையில், ரத்தக் கழிச்சலுக்குக் காரணமான ஐமீரியா ஒட்டுண்ணி புழங்கும் இடத்தில், வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வட இந்தியக் கோடையில், பலன் தெரிய வாய்ப்பு அதிகம். வெப்பத்தில் இரைக்கும் கோழிக்குக் குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, சுவர் பலவீனமாகிறது. ஐமீரியா கிழித்த குடலில் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா புகுந்துகொண்டால் குடல் திசுவே அழுகுகிறது. ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தியதும் பண்ணையாளர்கள் அஞ்சுவது இந்த நோயைக் கண்டுதான்.

இங்கே பிரீபயாடிக்கின் எல்லையும் தெரிகிறது. அது தடுப்பு வேலைக்கு உதவும், சிகிச்சைக்கு உதவாது. நோய் வந்து கோழிகள் சுருண்டு கிடக்கும்போது எம்.ஓ.எஸ். மூட்டையைப் பிரிப்பதில் அர்த்தம் இல்லை. அளவு கூடினாலும் ஆபத்து. இனுலினையும் ஃப்ரக்டோ ஒலிகோ சாக்கரைடையும் அதிகமாகப் போட்டால் நொதிப்பு எல்லை மீறி எச்சம் நீர்க்கிறது. கூளம் நனைகிறது. நனைந்த கூளம் புதிய நோய்களுக்கு விதை.

இந்த உண்மைக்கு ஒரு சாட்சி தீவனத்திலேயே இருக்கிறது. சோயாப் பிண்ணாக்கில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற செரிக்காத சர்க்கரைகள் இயற்கையாகவே உண்டு. அவையும் ஒலிகோ சாக்கரைடுகள்தான். ஆனால் தீவன நிபுணர்கள் அவற்றைச் சத்தைக் கெடுக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். வயிற்றில் வாயுவை உண்டாக்கி, சத்தைப் பயன்படுத்துவதை அவை குறைக்கின்றன. ஒரே குடும்பத்தில் பிறந்த சர்க்கரைகளில் எது நண்பன், எது விரோதி என்பதை அதன் வகையும் அளவும் தீர்மானிக்கின்றன.

தரமும் ஒரு பிரச்சினை. ஈஸ்ட் சுவர் என்ற பெயரில் விற்கப்படும் பொருள்கள் எல்லாவற்றிலும் மன்னனின் அளவு ஒன்றாக இருப்பதில்லை. ஈஸ்ட் வளர்ந்த விதம், சுவரைப் பிரித்த முறை, உலர்த்திய சூடு எல்லாம் அதைப் பாதிக்கின்றன. மாவைத் தொட்டுப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க எந்தப் பண்ணையாளராலும் முடியாது. ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். அதற்குச் செலவு.

முடிவெடுப்பவர் யார்?

பண்ணையாளர் விரும்பினாலும் பல நேரங்களில் தீவனத்தை மாற்றும் உரிமை அவரிடம் இல்லை. 1990களில் கோவை, பல்லடம், உடுமலைப் பகுதியில் வேரூன்றிய ஒப்பந்தப் பண்ணைய முறை பிறகு நாட்டின் பல மாநிலங்களுக்கும் பரவியது. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் நிறுவனத்தின் பொறுப்பு. கொட்டகை, மின்சாரம், உழைப்பு பண்ணையாளருடையவை. அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. எஃப்.சி.ஆர். கெட்டால் கூலி குறையும். ஆனால் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது தீவன ஆலையில் முடிவாகிறது. ப்ரீ-ஸ்டார்டர், ஸ்டார்டர், ஃபினிஷர் என்று மூன்று கட்டத் தீவனமும் அவர் வாசலில் வந்து இறங்கும்போது கலவை முடிந்திருக்கும்.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பண்ணைகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதில்லை. சில நூறு தீவன ஆலைகள் மாறினால் நாட்டின் பெரும்பகுதிக் கோழிகளின் தீனி மாறிவிடும். கெட்டதும் உண்டு. மக்காச்சோளத்தின் விலை ஏறும்போதெல்லாம் தீவனக் கலவையில் முதலில் கத்தரி விழுவது இதுபோன்ற கூடுதல் பொருள்களின் மீதுதான். எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியபின் அந்த நெருக்கடி கூடியிருக்கிறது. ஒரு டன்னுக்குச் சில கிராம் ஆன்டிபயாட்டிக் எப்போதும் மலிவு. மருந்தைக் குற்றம் சொல்பவர்கள் மறந்துவிடக்கூடாத விஷயம் இது. அது மலிவாக இருப்பதற்குக் காரணம், அதன் உண்மையான விலையை வேறு யாரோ மருத்துவமனையில் கட்டுவதுதான்.

சட்டம் மெதுவாக நகர்ந்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2007-லேயே கோழித் தீவனத்துக்கான தர விதியில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதைக் கைவிடும்படி பரிந்துரைத்தது. ஆனால் அதைப் பின்பற்றுவது கட்டாயமாக்கப்படவில்லை. நோயில்லாத விலங்குகளுக்கு வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை முற்றிலும் நிறுத்தும்படி 2017-ல் உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. 2019-ல் கொலிஸ்டின் தடை வந்தது. இறைச்சி, பால், முட்டை உற்பத்தியில் பயன்படுத்தக்கூடாத ஆன்டிபயாட்டிக்குகளின் பட்டியலை விரிவாக்கி உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் வெளியிட்ட விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. விதியைக் காகிதத்திலிருந்து கொட்டகைக்குக் கொண்டுபோக மாதிரி எடுக்கும் ஆய்வாளர்களும் ஆய்வுக்கூடங்களும் வேண்டும். நாடு முழுவதும் சிதறிக் கிடக்கும் கறிக்கடைகளில் அது எளிதான காரியம் அல்ல.

டென்மார்க் தரும் பாடம்

மருந்தை நிறுத்தினால் தொழில் நொடித்துப்போகும் என்ற பயத்துக்கு டென்மார்க்கின் அனுபவம் பதில் சொல்கிறது. அங்கே 1998-ல் கறிக்கோழி உற்பத்தியாளர்கள் தாங்களாகவே முன்வந்து வளர்ச்சி ஊக்கி ஆன்டிபயாட்டிக்குகளைக் கைவிட்டார்கள். முன்னும் பின்னும் கணக்கெடுத்துப் பார்த்தபோது ஒரு கிலோ எடைக்குக் கூடுதலாகத் தேவைப்பட்ட தீவனம் வெறும் 16 கிராம். இறப்பு கூடவில்லை. இன்னொரு பக்கம் கிடைத்த பலன் மிகப் பெரிது. அவோபார்சின் என்ற தீவன மருந்து 1995-ல் அங்கு தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான வான்கோமைசினின் உறவுக்கார மருந்து அது. அந்த ஆண்டில் கோழிகளில் கிடைத்த ஒருவகை என்டரோகாக்கஸ் பாக்டீரியாவில் 70 சதவீதத்துக்கு மேல் இவ்வகை மருந்துகளை எதிர்ப்பவையாக இருந்தன. 2000-ல் அது 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருந்தை எடுத்தால் எதிர்ப்பும் குறையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் டென்மார்க்கை அப்படியே இந்தியாவில் எதிர்பார்ப்பது சரியல்ல. அங்கே கொட்டகைகள் மூடப்பட்டவை; ஒரு தொகுதி வெளியேறியதும் கழுவிக் காயவிடப்படுபவை; வெயிலும் வேறு. இந்தியாவில் பெரும்பாலான கொட்டகைகள் பக்கவாட்டில் திறந்தவை. காற்றோடு கிருமியும் உள்ளே வரும். ஆகவேதான் இங்கே மருந்தின் இடத்தில் ஒரே ஒரு பொருளை வைத்து நிரப்பிவிட முடியாது என்று கால்நடை ஊட்டச்சத்து நிபுணர்கள் கருதுகிறார்கள். பிரீபயாடிக்கோடு புரோபயாடிக், அங்கக அமிலங்கள், செரிமான நொதிகள், ரத்தக் கழிச்சலுக்குத் தடுப்பு, காய்ந்த கூளம், சுத்தமான குடிநீர், தொகுதிகளுக்கு இடையே கொட்டகைக்கு ஓய்வு ஆகிய எல்லாம் சேர வேண்டும். பட்டியலின் கடைசி மூன்றுக்கும் எந்த நிறுவனமும் விளம்பரம் செய்வதில்லை. செலவு குறைந்தவையும் அவைதான்.

மூலப்பொருள் விஷயத்தில் இந்தியாவுக்குக் கவலை இல்லை. இனுலின் நிறைந்த சிக்கரிக் கிழங்கு குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. காபித்தூளில் கலப்பதற்காகத்தான் அதைப் பயிரிடுகிறார்கள். சைலோ ஒலிகோ சாக்கரைடு எடுக்கக் கரும்புச் சக்கையும், மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரும், கோதுமைத் தவிடும் போதும். ஈஸ்டுக்குச் சர்க்கரை ஆலைகளின் மொலாசஸ் இருக்கிறது. பூண்டிலும் வெங்காயத்திலும்கூட இந்தச் சர்க்கரைகள் உண்டு. இவற்றிலிருந்து தரமான பொருளை மலிவாகப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்தைப் பெருக்குவதுதான் பாக்கி வேலை.

கடையில் நின்று அரைக் கிலோ கறி வாங்குபவருக்கு இவற்றில் எதுவும் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. ஈஸ்ட் தின்று வளர்ந்த கோழிக்கும் மருந்து தின்று வளர்ந்த கோழிக்கும் நிறத்திலோ ருசியிலோ வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் பின்னால் தெரியும். ஒரு நாள் அவர் வீட்டில் யாருக்கோ நிமோனியா வரும்போது, மருத்துவர் எழுதிக்கொடுக்கும் முதல் மருந்தே வேலை செய்கிறதா, இல்லையா என்பதில்.